நாக்கு நைனா போட்ட ரிவர்ஸ் பாட்டு

கரண்டுக்கு ருசி உண்டு என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு காலத்தில் ஓடிய லாரி, வேன், கார் அத்தனையும் ஒரே ஒரு மனிதரின் நாக்கை நம்பித்தான் ஓடின. அவர் பெயர் நாக்கு நைனா. நிஜப் பெயர் என்னவென்று கேட்டால் அவரே கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொல்வார்.

ஆரம்பாக்கம் பக்கத்து ஆள். பைபாஸ் ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டு, வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். லாரி கிளீனர், தாசில்தார், கொட்டகைக்குள் நுழையும் கோழி என்று எதிரே வரும் எல்லாரும் அவருக்கு 'நைனா'தான். அதனால் ஊரும் அவரை நைனா என்றே கூப்பிட்டது. எந்த ஒயரில் கரண்டு வருகிறது என்று பார்க்க மற்றவர்கள் டெஸ்டர் வைப்பார்கள். நைனா நாக்கை வைப்பார். நுனி நாக்கில் ஒயரைத் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

"பேட்டரி லைனு. புளிப்பு கீது. இது சாவி போட்டா வர்ற லைனு. துவர்ப்பு."

எல்லாம் பன்னிரண்டு வோல்ட்தான். இருந்தாலும் வாசகர்கள் யாரும் வீட்டில் முயன்று பார்க்க வேண்டாம். சொல்லிவிட்டேன், அப்புறம் எனக்குக் கடிதம் போடாதீர்கள்.

நாக்கைக் காப்பாற்றுவதற்காக அவர் வேலை நாளில் காரமே தொடமாட்டார். நாஷ்டாவுக்கு நாலு இட்லி, தொட்டுக்கொள்ளச் சர்க்கரை. அந்த நாக்கு தவறு செய்தது என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. ஒரு முறை பால் வேன் ஒன்றுக்கு ஒயரிங் செய்து கொடுத்தார். வைப்பரைப் போட்டால் ஹாரன் அடித்தது. வேன்காரர் சண்டைக்கு வந்தார்.

"கம்பெனிக்காரன் ஒயர்ல தப்பா கலர் போட்டுக்கிறான் நைனா. அதுக்கு நா இன்னா பண்றது? என் நாக்கு தப்பு பண்ணாது" என்று சொல்லிவிட்டு நைனா அடுத்த வண்டிக்குள் தலையை விட்டுவிட்டார். அந்த மழைக்காலம் முழுக்க வேன்காரர் ஊரையே எழுப்பிக்கொண்டு பால் ஊற்றினார்.

நான் அப்போது இரும்புத் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப் கம்பெனியில் நிர்வாகப் பிரிவில் புதுசு. இரண்டாயிரங்களின் நடுவில். ஆறு மாதத் தற்காலிகம் முடிகிற வாரம். நிரந்தர ஆணை டைப் ஆகி, கையெழுத்துக்காக எம்.டி. மேஜை மேல் கிடந்தது. எனக்குப் பார்த்திருந்த பெண்ணின் வீட்டார் ஆர்.கே.பேட்டையில். "மாப்பிள்ளை பர்மனென்ட் ஆனதும் லெட்டர ஒரு ஜெராக்ஸ் அனுப்புங்க, தேதி வச்சிடலாம்" என்று சொல்லியிருந்தார்கள். எனக்குப் பெண்ணையும் பிடித்திருந்தது. அதனால் அந்த வாரம் நான் தும்முவதற்குக்கூட யோசித்தேன்.

எம்.டி. அப்போதுதான் ஒரு வெளிநாட்டுக் கார் இறக்கியிருந்தார். அதன் முன்பக்கத்தில் வழி காட்டும் திரை ஒன்று கார் கம்பெனியிலேயே பொருத்தி வந்திருந்தது. வழி காட்டியதா என்றால், இல்லை. அதற்குள் இருந்த மேப்பில் நம் நாடே கிடையாது. நாங்கள் கவரைப்பேட்டையில் நின்றால் அது எங்களை நடுக்கடலில் காட்டும்.

அன்று காலை பத்து மணிக்கு எம்.டி. கூப்பிட்டார். "ரெண்டு மணி ஃப்ளைட்ல ஜெர்மனி பார்ட்டி வர்றார். ஏர்போர்ட்ல இருந்து ஃபேக்டரி வர்றதுக்குள்ள நம்ம கம்பெனி படத்தை அவர் அந்தத் திரையில பாக்கணும். ஷோரூம்ல முடியாதுன்னுட்டான். நைனாவைக் கூப்பிடுங்க."

"சரி சார்."

"நைனாவைத் தவிர வேற ஒருத்தரும் ஒயரைத் தொடக் கூடாது. போன மாசம் நம்ம மெயின்டெனன்ஸ் ஆளு கை வச்சு, மூணு நாள் வண்டி எழுந்திருக்கலை. இந்தத் தடவை வேற எவனாவது தொட்டான்னு தெரிஞ்சா, நீங்க நாளையிலிருந்து வர வேண்டாம்." சொல்லும்போது அவர் கை என் ஆணையின் மேலேயே இருந்தது.

பதினொரு மணிக்கு நைனா வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றினார். டிரைவர் கனி பாய் ஓட்டுநர் இருக்கையில் இருந்தார். பழவேற்காட்டுக்காரர், பயந்த மனிதர். நைனா அவரிடம், "பாய், ரிவர்ஸ் போடு" என்றார்.

பாய் ரிவர்ஸ் போட்டதும் மேப் மறைந்து, திரையில் பின்பக்கக் கேமராவின் படம் வந்தது. கூடவே காரின் பின்னால் 'டிங்கி டிங்கி' என்று பொம்மைப் பாட்டு ஒன்று ஆரம்பித்தது. பின்னால் எடுக்கும்போது ஆட்களை எச்சரிக்கிற பாட்டு. பாய் ஆசைப்பட்டு மாட்ட வைத்தது.

நைனா கையைத் தட்டினார். "அவ்ளோதான் நைனா மேட்டரு! கேமரா ஒயர புடுங்கிட்டு, அந்த இடத்துல விசிடி பிளேயர் ஒயர சொருவிடுவேன். ஆனா வண்டி ரிவர்ஸ்ல போவுதுன்னு நெனச்சாத்தான் இந்தத் திரை நம்ம படத்தக் காட்டும். அதனால ஒரு சுச்சு வெச்சு, நீ ரிவர்ஸ்ல போறேன்னு அத்த ஏமாத்தணும். நேரா போவும், படமும் ஓடும்."

மூளை என்றால் அது மூளை. நான் அசந்துபோனேன். அசந்துபோன சந்தோஷத்தில்தான் என் வாழ்க்கையிலேயே பெரிய முட்டாள்தனத்தைச் செய்தேன். கேன்டீனுக்கு ஓடி, கொதிக்கக் கொதிக்க ஒரு டம்ளர் டீ வாங்கி வந்து நைனாவின் கையில் கொடுத்தேன். டாஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டிருந்தவர், என்ன ஏது என்று பார்க்காமல் ஒரே மடக்காக வாயில் ஊற்றிக்கொண்டார்.

"ஆஆஆ!"

வெளியே வந்த நாக்கு சிவந்து, நுனியில் வெள்ளையாக வெந்திருந்தது.

"பூட்ச்சு நைனா! நாக்கு பூட்ச்சு! இன்னா டீடா இது, தார் காய்ச்சினியா?"

மணி பதினொன்று நாற்பது. பன்னிரண்டரைக்கு வண்டி ஏர்போர்ட் கிளம்ப வேண்டும். நைனா ஒயரை நாக்கில் வைத்துப் பார்த்தார். மறுபடி வைத்தார். "ஒண்ணும் தெரியல. மரத்துட்ச்சு." டெஸ்டர் கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். வெந்த நாக்கோடு என்னை முறைத்தார். பிறகு சொன்னார்.

"உன் நாக்க நீட்டு."

"நைனா, வேணாம் நைனா. நா தொட்டேன்னு தெரிஞ்சா எம்.டி. ஊட்டுக்கு அனுப்பிடுவாரு."

"படம் ஓடலன்னாலும் அனுப்பிடுவான். குந்து."

குந்தினேன். வேறு வழி? ரிவர்ஸ் போட்டபடியே வண்டி நிற்க, பின்னால் டிங்கி டிங்கி பாட, இரண்டு ஒயர்களை என் முகத்துக்கு நேரே பிடித்தார் நைனா.

"ஒண்ணு தெரைக்கு மட்டும் போறது. லேசா புளிக்கும். இன்னொண்ணு பின்னால லைட்டு, பாட்டு எல்லாத்துக்கும் போறது. கெட்டியா புளிக்கும். எனக்கு லேசா புளிக்கிறது வோணும்."

இடது ஒயரை வைத்தார். சுருக்கென்று மண்டைக்குள் ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "கெட்டி நைனா, கெட்டி!" என்று அலறினேன். வலது ஒயரை வைத்தார். அவ்வளவு இல்லை. "இது லேசுதான்" என்றேன். நைனா வலது ஒயரில் சுச்சை இணைத்து, கேமரா ஒயர் இருந்த இடத்தில் விசிடி பிளேயர் ஒயரைச் சொருகினார். சுச்சைத் தட்டினோம். திரையில் எங்கள் கம்பெனி பிரஸ் மெஷின் தகடு அடித்துக்கொண்டிருந்தது.

"வந்துட்ச்சு!" என்று கனி பாய் கத்தினார். மணி பன்னிரண்டு இருபத்தைந்து. சுச்சை அணைத்து, ரிவர்ஸை எடுத்து, எம்.டி.யை ஏற்றிக்கொண்டு பறந்தோம். படம் போட்டு நிறுத்துவதற்கு நானும் முன் சீட்டில். அரை மணி நேரமாக ரிவர்ஸ் பாட்டைக் கேட்டுக் காது பழகிவிட்டதால், சோதித்தபோது அந்தப் பாட்டு கியரால் பாடுகிறதா, எங்கள் சுச்சால் பாடுகிறதா என்று ஒருவருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை.

ஜெர்மன்காரர் வந்தார். நல்ல உயரம், சிரித்த முகம். எம்.டி.யுடன் பின் சீட்டில் அமர்ந்தார். வண்டி பாடி பஸ் ஸ்டாப்பைத் தாண்டியதும் எம்.டி. கண் காட்டினார். நான் கடவுளை நினைத்துக்கொண்டு சுச்சைப் போட்டேன்.

படம் வந்தது. பாட்டும் வந்தது.

டிங்கி டிங்கி டிங்கி. கார் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் போக, பின்னால் வெள்ளை விளக்கு இரண்டும் எரிய, ரிவர்ஸ் பாட்டு ரோட்டுக்கே கேட்டது. எங்களுக்குப் பின்னால் வந்த லாரிக்காரன், நாங்கள் அவன் மேல் வரப்போகிறோம் என்று நினைத்து ஸ்டியரிங்கை ஒடித்தான். எம்.டி. என் காதுக்கருகே குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "என்னய்யா அது? ஆஃப் பண்ணு" என்றார். என் கை சுச்சுக்குப் போனது.

"வேண்டாம், வேண்டாம், ஓடட்டும்" என்று ஆங்கிலத்தில் தடுத்தார் ஜெர்மன்காரர். அது படத்தின் பின்னணி இசை என்று நினைத்துவிட்டார் மனிதர்! தகடு அடிக்கிற தாளமும் பாட்டும் நன்றாகச் சேருகிறதாம். முழங்காலில் தாளம் போட்டார்.

மாதவரத்தில் ஒரு டவுன் பஸ் எங்கள் பக்கத்தில் வந்தது. கண்டக்டர் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினார். "யோவ்! முன்னால போறியா, பின்னால வர்றியா? ஒண்ணு சொல்லித் தொலைய்யா!" கனி பாய் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஓதிக்கொண்டே வந்தார். செங்குன்றத்தில் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். முன்பக்கத்தைப் பார்த்தார், பின்பக்கத்தைப் பார்த்தார், எந்தக் குற்றம் என்று அவருக்கே பிடிபடவில்லை. போ என்றுவிட்டார். சோழவரத்தில் படம் முடிந்தது. நான் மூச்சு விட்டேன்.

"அருமை. இன்னொரு முறை" என்றார் ஜெர்மன்காரர்.

கும்மிடிப்பூண்டி வரை பாடிக்கொண்டே வந்து சேர்ந்தோம். விருந்தாளியை உள்ளே அனுப்பிவிட்டு எம்.டி. என்னையும், கம்பெனியிலேயே காத்திருந்த நைனாவையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். கனி பாயை முதலிலேயே விசாரித்திருக்கிறார். "ரெண்டு பேரும் குனிஞ்சுகினு இருந்தாங்க சார், நா ரோட்டத்தான் பாத்துகினு இருந்தேன்" என்று சொல்லியிருக்கிறார் பாய். வண்டியோ அப்போது கம்பெனிக்குள் நின்றுகொண்டிருந்தது.

என் ஆணை மேஜை மேல்தான் இருந்தது. எம்.டி. அதை எடுத்தார். கையெழுத்துப் போட இல்லை. இரண்டு கையாலும் கிழிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டார்.

"நைனா பாத்திருந்தா இப்படி ஆகாது. எனக்குத் தெரியும். வேற எவனோ கை வச்சிருக்கான். யாரு?"

எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆனது ஆகட்டும், ஒப்புக்கொண்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "சார், நான்தான்..."

"அவரு டீ வாங்கிக் குடுத்தாரு" என்று நைனா குறுக்கே பாய்ந்தார். "சூடா. அத்த குடிச்சு நாக்க வேவ வெச்சுகினேன். வெந்த நாக்கோடவே வேல பாத்தேன். தப்பு என் நாக்குதான்."

எம்.டி. நம்பவில்லை. "நாக்கை நீட்டுங்க, ரெண்டு பேரும்."

நீட்டினோம். கம்பெனி எம்.டி. எழுந்து வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு நாக்கையும் மாறி மாறிப் பார்த்தார். என் நாக்கு பயத்தில் காய்ந்திருந்தது, அவ்வளவுதான். நைனாவின் நாக்கு கொப்பளித்து வெளுத்திருந்தது.

"தப்பே பண்ணாதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தியே நைனா?"

நைனா தரையைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்து நான் கண்டதே இல்லை. "பண்ணிட்ச்சு நைனா. நாக்கு தப்பு பண்ணிட்ச்சு" என்றார். எம்.டி. சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். ஜெராக்ஸ் ஆர்.கே.பேட்டைக்குப் போனது, கல்யாணமும் நடந்தது.

ஆனால் விஷயம் ஒரே வாரத்தில் தேர்வாய் கண்டிகை வரை பரவிவிட்டது. பைபாஸில் போகிற லாரியெல்லாம் கொட்டகைக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து, "நைனா, டிங்கி டிங்கி!" என்று கத்திவிட்டுப் போயின. பால் வேன்காரர் ஒரு டெஸ்டரை வாங்கி, பூ சுற்றி, பரிசு கொடுப்பதுபோல் நீட்டினார். நைனா வாங்கிக் கொட்டகைக்குள் வைத்துக்கொண்டார். நான் அங்கேதான் நின்றிருந்தேன். எனக்குப் பேஜாராகிவிட்டது.

"நைனா, நா உண்மையச் சொல்லிடறேன். ஆணைதான் வந்துட்ச்சே, இனிமே எம்.டி.யால என்னை ஒண்ணும் பண்ண முடியாது."

"இன்னா உண்ம? மொத ஒயர நக்கினா நாக்கு மரத்துடும், ரெண்டாவது எப்பவும் லேசாத்தான் தெரியும். நடுவுல வாய் கொப்ளிக்கணும். அத்த உனக்கு நா சொல்லல. அப்ப தப்பு என்துதான? போ, போய் ஆபீஸ் வேலையப் பாரு."

அவர் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதி, நான் கொடுத்த டீயும் என் நாக்கும். அதை அவர் எனக்காகச் சுமந்தார். எனக்கு அது தெரியும், அவருக்கும் தெரியும். அந்தக் கம்பெனியில் ஒன்பது வருடம் இருந்தேன். அந்த ஒன்பது வருடமும் நைனாவின் கொட்டகையைத் தாண்டும்போது, வண்டியில் ரிப்பேர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நான் இறங்காமல் போனதில்லை.