நொய் ஸ்பிரிட்டும் என் ஆராய்ச்சிப் பற்களும்

எனக்குக் கோபம் அதிகம் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. சுத்த அபாண்டம். கோபம் எல்லோருக்கும் இருக்கிற அளவுதான் எனக்கும். காரணங்கள்தான் கொஞ்சம் கூடுதலாக வாய்த்துவிட்டன. அவற்றில் முதல் காரணம் என் அண்ணன் குமரேசன். அடுத்தது, 1991-ல் எனக்கு வழிகாட்டியாக வாய்த்த பேராசிரியர். இந்த இரண்டு பேரும் என் படிப்புக்கு வேட்டு வைத்த கதையை எழுதினால் மனசு ஆறும் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். (ஆறவில்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன்.)

அப்போது நான் பல் மருத்துவத்தில் மேற்படிப்பு. வாலாஜாபாத்தில் ரைஸ் மில் வைத்திருந்த அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். "ஏப்ரல்ல தீசிஸ் குடுத்து முடிச்சிடு. அதுக்கு மேல ஒரு நாள் ஆனாலும் நான் மாப்பிள்ள பாக்க ஆரம்பிச்சிடுவேன்." அவர் சொன்னால் செய்வார். என் அத்தை மகள் ஒருத்தி பி.எட். பாதியில் கல்யாணமாகிப் போனதே அவர் பார்த்த மாப்பிள்ளையோடுதான்.

என் ஆராய்ச்சி சிம்பிள். உடைந்த பல்லில் பசை வைத்து ஒட்டுவதற்கு முன் அமிலத்தால் கழுவுவோம். கழுவிய பல்லுக்குள் ஈரம் தங்கிவிடும். ஈரத்துக்கும் பசைக்கும் ஆகாது. சுத்தமான ஆல்கஹாலைத் தொட்டு வைத்தால் அது ஈரத்தை விரட்டிவிட்டுப் பசைக்கு வழிவிடும், ஒட்டு இன்னும் கெட்டியாக நிற்கும் என்று நான் நம்பினேன். அதற்காக முகாம் முகாமாகப் போய், பிடுங்கிய பற்களைச் சேர்த்து வைத்திருந்தேன். ஹாஸ்டலில் என்னோடு ஒரே அறையில் இருக்க யாரும் முன்வரவில்லை.

ஆல்கஹால் பாட்டில் என் வழிகாட்டி சாரின் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. போய்க் கேட்டேன். காலி பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "ஆவியாயிடுச்சும்மா" என்றார். மூடி திருகிய பாட்டிலில் இருந்தது எந்த வாய் வழியாக ஆவியானது என்று கல்லூரி வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். புதிதாக வாங்க மதுவிலக்கு அதிகாரிகளின் அனுமதி வேண்டும். அது வருவதற்குள் எனக்குப் பிள்ளையே பிறந்துவிடும்.

அண்ணன் தண்டலம் பக்கத்தில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் லெக்சரர். வளைகுடாவில் சண்டை நடந்து பெட்ரோலுக்கு நாமெல்லாம் வரிசையில் நின்ற சமயம் அது. நொய்யைப் புளிக்க வைத்து, ஸ்பிரிட் வடித்து, அதில் வண்டி ஓட்டிக் காட்டுவது அவனுடைய ஆராய்ச்சி. கல்லூரி முறைப்படி அனுமதி வாங்கியிருந்தது. எங்கள் மில்லில் விழும் நொய்யெல்லாம் அவன் லேபுக்குத்தான். (கோழிகள் இளைத்துப்போனதாக அம்மா புலம்புவார்.)

"ண்ணா, எனக்கு ஒரு பாட்டில் ஸ்பிரிட் வேணும். தண்ணி கொஞ்சம்கூட இருக்கக் கூடாது."

"சுண்ணாம்பு போட்டு ஈரத்த எடுத்துட்டுதான் வச்சிகிறேன். ஒரு சொட்டு தண்ணி இருக்காது, எடுத்துக்கினு போ" என்றான்.

பாட்டில் லேசாக மஞ்சள் தட்டியிருந்தது. அரிசியிலிருந்து வந்தது அப்படித்தான் இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஏதோ ஒரு நெடியும் அடித்தது. ஆனால் வருடக்கணக்காகக் கிராம்புத் தைலத்தில் ஊறிய மூக்கை என்னவென்று நம்புவது. பாதிப் பற்களை ஆல்கஹால் தொட்டு ஒட்டினேன். மீதியை, ஒப்பிட்டுப் பார்க்க, வழக்கம்போல ஒட்டினேன்.

ஒட்டு எவ்வளவு தாங்குகிறது என்று இழுத்துப் பார்க்கும் மெஷின் எங்கள் கல்லூரியில் இல்லை. சுங்குவார்சத்திரம் தாண்டி ஒரு வயர் கம்பெனியில் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் செய்துகொள்ளச் சொன்னார் சூப்பர்வைசர் தேவராஜ். மீதி ஸ்பிரிட்டைத் திருப்பிக் கொடுக்கப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டேன். அண்ணன்தான் மொபெட்டில் கூட்டிப்போனான். ஷிப்ட் ஆட்களெல்லாம் டிபன் பாக்ஸோடு வந்து சுற்றி நின்றார்கள்.

"இன்னா மேடம், புடுங்கன பல்ல இன்னொரு தபா புடுங்கப் போறீங்களா?" என்று ஒருவர் கேட்டார். நான் முறைத்தேன்.

முதலில் ஆல்கஹால் தொடாத பற்கள். மெஷின் முனகிக்கொண்டு இழுக்க, முள் நன்றாக ஏறிய பிறகுதான் விட்டன. அடுத்தது ஆல்கஹால் தொட்ட பற்கள். முதல் பல்லை மாட்டினேன். சுவிட்சில் கை வைக்கும் முன்பே ஒட்டியது கழன்று தேவராஜின் தயிர்சாதத்தில் விழுந்தது. அடுத்தது, மாட்டும்போதே. அதற்கடுத்தது பெட்டியிலேயே. தேவராஜ் டிபன் பாக்ஸை மூடிவிட்டு, "மெஷினே வாணாம் போலகீதே மேடம்" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தப் பற்களையெல்லாம் அவர்கள் வாயிலேயே திணிக்க வேண்டும்போல் எனக்கு ஆத்திரம் வந்தது.

வெளியே வந்தால் மொபெட் கிளம்பவில்லை. அண்ணன் டேங்கை ஆட்டிப் பார்த்தான்.

"காலி. அந்த பாட்டில குடு, ஊத்திக்கினு போலாம்."

"இதுல ஓடுமா?"

"ஏன் ஓடாது? பெட்ரோல் கலந்துதான கீது."

நீட்டிய பாட்டிலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். "இன்னா கலந்து கீது?"

"பெட்ரோல். வடிச்ச ஒடனே கலந்துடணும். யாரும் குடிச்சிடக் கூடாதுன்னு கண்டிஷன் போட்டுத்தான் பர்மிஷன் குடுத்தாங்க. கான்ஸ்டபிள் நின்னு பாத்துட்டுதான் போவாரு. நான் வண்டிக்கு வச்சிக்கிற கேன்லேர்ந்து ஊத்துவேன்."

வண்டிக்கு வைத்திருப்பது என்றால் ஆயில் கலந்த பெட்ரோல். அந்தக் கால மொபெட்டுகள் அதில்தான் ஓடும். ஒட்ட வேண்டிய பல்லில் விரல் பட்டாலே எண்ணெய்ப் பிசுக்கு என்று துடைத்துவிட்டு மறுபடி கழுவுகிற கூட்டம் நாங்கள். நான் ஒவ்வொரு பல்லுக்கும் பஞ்சில் தொட்டுத் தொட்டு இன்ஜின் ஆயில் தடவியிருக்கிறேன்.

"ஏன்டா சொல்லல?" அண்ணனை நான் டா போட்டது அன்றுதான் முதல் தடவை.

"நீ தண்ணி இருக்கக் கூடாதுன்னுதான சொன்ன. பல் செட்டுக்கு மெழுகு உருக்குவீங்களே, அந்த ஸ்பிரிட் வெளக்குக்குன்னு நெனச்சேன். தங்கச்சியாச்சே, நல்லா எரியட்டும்னு பெட்ரோல கொஞ்சம் ஜாஸ்தியாவே ஊத்தினேன்."

வண்டி ஒரே மிதியில் கிளம்பியது. வாலாஜாபாத் வரை எங்கும் நிற்கவில்லை. என் தீசிஸ் மேல் உட்கார்ந்து, அதன் புகையையும் குடித்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தேன்.

மறுநாள் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அசரவில்லை. "ஆல்கஹால் வச்சா ஒட்டாதுன்னு எழுதிடும்மா. முடிவு முடிவுதானே. ஏப்ரல்ல முடிஞ்சிடும்."

"அது ஆல்கஹால் இல்ல சார், பெட்ரோல்."

"அது உனக்கும் எனக்கும்தானே தெரியும்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் கை துறுதுறுக்கிறது. எழுதியிருந்தால் பட்டம் வந்திருக்கும். அதைப் படித்துவிட்டு இன்னொருத்தி இந்த யோசனையையே தூக்கிப் போட்டிருப்பாள். முடியாது என்றேன். அவர் அறையிலிருந்து ஹாஸ்டல் வரை கேட்கும்படிதான் சொன்னேன். அப்பாவிடம் போட்ட சண்டை அதைவிடப் பெரிது. கடைசியில், "எவன் வந்து மாட்டப் போறானோ" என்று சொல்லி ஆறு மாதம் கொடுத்தார்.

அண்ணன் மறுபடி வடித்தான். பெட்ரோல் கலக்காமல் கொடுக்க முடியாது என்று கான்ஸ்டபிள் அடம்பிடித்தார். யாரும் குடிக்கக் கூடாது, அவ்வளவுதானே, நீங்களே வந்து உட்காருங்கள் என்றேன். மேலதிகாரியைக் கேட்டுக்கொண்டு அவரும் வந்தார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொட்டும் பல்லில்தான் விழுகிறதா என்று இமைக்காமல் பார்த்தார். சார் அந்தப் பக்கமே வரவில்லை. ஒட்டிய பற்கள், ஆல்கஹால் தொடாதவற்றைவிடக் கெட்டியாக நின்றன. கட்டுரை வெளியானபோது சார் தன் பெயரை முதலில் போட்டுக்கொண்டார்.

இப்போது வாலாஜாபாத்தில் கிளினிக் வைத்திருக்கிறேன். அண்ணன் எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் பக்கத்து இலைக்காரரிடம் இந்தக் கதையைச் சொல்வான். அதில் அவன்தான் ஹீரோ, மொபெட் ஹீரோயின். ஊர் முழுக்கப் பரவிவிட்டது. போன வாரம் முன்பல் உடைந்து வந்த ஒரு பெரியவர் நாற்காலியில் சாய்ந்தார். நான் பசையை எடுத்ததும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார்.

"வாயைத் திறங்க."

கையால் வாயை மறைத்துக்கொண்டு கேட்டார். "அந்த மருந்து உங்க அண்ணன் வூட்லேர்ந்து வந்தது இல்லியேம்மா?"