உங்கள் மௌனத்தை அறுத்த எங்கள் ஃபயர்வால்

கண்டாவுத் தீவு, ஃபிஜி

மதிப்பிற்குரிய வைசேயா அவர்களுக்கு, ஓய்வுபெற்ற ஆசிரியன் ஏப்பெலி பணிவுடன் எழுதுவது. பிரிஸ்பேனில் உங்கள் வீட்டார் அனைவரும் நலமாக இருப்பார்கள் என நம்புகிறேன்.

முந்தாநாள் எங்கள் மகன் விலியாமேவுக்கு உங்கள் மகள் லோசனாவைக் கேட்டு, ஊர் மண்டபத்திலிருந்து இணையம் வழியே பேசினேன். நான் முடித்ததும் நீங்கள் மௌனமானீர்கள். பெண் கேட்டவுடன் பதில் சொல்வது நம்மில் அழகல்லவே. நாங்களும் மௌனமாக இருந்தோம். காவா குடித்துக் குடித்துச் சட்டி காலியாயிற்று. லைனில் இருக்கிறீர்களா என்று பெண் வீட்டாரைக் கேட்க யாருக்குத் துணிச்சல் வரும்? கடைசியில் என் மனைவி மக்கெரெத்தா வாயைத் திறந்தாள். அவள் சொன்னதை இங்கே எழுதுவது மரியாதை இல்லை. நான் முறைத்ததும், "லைன் எப்பவோ கட்டாயிருக்கும், சும்மா இருங்க" என்றாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

மண்டபத்து இணையத்துக்குக் காவல் நிற்கும் ஃபயர்வால் பெட்டியைப் பார்த்துக்கொள்வது நான்தான். யார் யாரோடு பேசுகிறார்கள் என்று அது நினைவில் வைத்திருக்கும். கொஞ்ச நேரம் சத்தமில்லை என்றால் ஆளை மறந்துவிடும். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைக்கு 'வரவில்லை' என்று போடுகிற ஆசிரியரைப் போல. அந்தப் பெட்டிக்கு நம் மௌனம் எப்படிப் புரியும்? அப்போதே அது காத்திருக்கும் நேரத்தை அரை நிமிடத்திலிருந்து ஒரு நாளாக்கி, பெட்டியை அணைத்து மறுபடி போட்டேன். விடிந்ததும் வேறு தலைவலி. பேசி முடித்துப் போனவர்களை எல்லாம் அது மறக்காமல் வைத்திருக்க, புதிதாக வருகிறவருக்கு உள்ளே இடமில்லை. கடைக்கார உலாமிலா வாசலில் வந்து நின்றாள்.

"மாஸ்டர், உங்க சம்பந்தி பதில் சொல்றவரைக்கும் ஊருல யாரும் டின் மீன் வாங்கக் கூடாதா? மண்டபத்து லைன் இல்லாம கார்டு மெஷின் செத்துக் கெடக்கு!"

"கொஞ்சம் பொறும்மா, நேரத்தைக் குறைக்கிறேன்."

"எவ்வளவு?"

"அவர் யோசிக்கிற அளவுக்கு."

"அப்ப கடையைப் பூட்டிட்டுப் போறேன்!"

ஒருவழியாக ஒரு மணி நேரம் என்று வைத்திருக்கிறேன். ஆகவே எங்கள் பக்கத்து மௌனத்தைக் கோபமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விலியாமே சோறு தண்ணி தொடவில்லை. ஒரு சொல் அனுப்புங்கள். லோசனாவுக்கு எங்கள் ஆசிகள்.

அன்புடன்,
ஏப்பெலி

பின்குறிப்பு: இதை எழுதி முடித்ததும் உங்கள் செய்தி வந்தது. லைன் அறுபடவே இல்லையாம். உங்கள் கணினி இடையிடையே தானாக ஏதோ அனுப்பி அதை உயிரோடு வைத்திருந்ததாம். நீங்கள் 'சரி' என்று சொல்ல வாய் திறந்த நேரத்தில்தான் நான் பெட்டியை அணைத்திருக்கிறேன். "அந்தக் கஞ்சன் பொண்ணையும் குடுக்கமாட்டான், பன்னியையும் குடுக்கமாட்டான்" என்று மக்கெரெத்தா சொல்லி உங்கள் காதில் விழுந்தது வேறொரு வைசேயாவைப் பற்றி. கல்யாண விருந்துக்கு இரண்டு பன்றி தருவதாக எழுதியிருக்கிறீர்கள். அதை வாசித்துக் காட்டியதிலிருந்து அவள் மௌனம். ஒரு மணி நேரம் தாண்டிவிட்டது.