சுலக்ஷனாவின் வியாழக்கிழமை மடல்

"கழுத்தா, இடுப்பா?" என்று கேட்டாள் சுலக்ஷனா.

"யாருக்கு?" என்றான் அவள் கணவன் மதுரன். ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மடலுக்குத்தான். இன்னைக்கு வியாழக்கெழம. ஆறு மணிக்குள்ள எல்லாரோட போனுக்கும் அனுப்பணும். என்ன எழுதறதுன்னே தெரியல."

"போன வாரம் எழுதுனதுக்கே ஒரு ஆள் வரல. இன்னொன்னு எழுதப் போறியா?"

அதுதான் அவளுக்கும் புரியவில்லை. ஹட்டன் டவுனில் ரிஸ்வி நானாவின் தேநீர்க் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருந்தது அவளுடைய மசாஜ் அறை. ஒரு கட்டில், மூன்று போத்தல் எண்ணெய், வெயிலில் காய்ந்த வெள்ளைத் துவாய்கள். இவ்வளவுதான் சாமான். ஆனால் அந்தக் கை இருக்கிறதே, அது லேசுப்பட்ட கை இல்லை. தோளைத் தொட்ட மாத்திரத்தில், "நீங்க மேட்டுப் பக்கமா கொழுந்து எடுக்கிறீங்க, இடது காலத்தான் ஊனுவீங்க" என்று சொல்லிவிடுவாள். வங்கி அதிகாரிக்கு ஒரு பிடி, தேயிலைத் தோட்டத்துப் பெண்ணுக்கு ஒரு பிடி என்ற பேதமும் கிடையாது.

நுவரெலியாவில் பெரிய ஹோட்டலில் வெள்ளைக்காரர்களுக்குப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தவள், "எங்க ஆளுங்க தோளு எப்ப லேசாகிறது?" என்று கேட்டுக்கொண்டு வேலையை விட்டுவிட்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் வேலை இல்லை. அன்றைக்கு மட்டும் பன்னிரண்டு பேர் வருவார்கள். மடல் எழுதினால் அது இருபதாகும் என்று நினைத்தாள். ஹோட்டலில் பயிற்சியின்போது கொடுத்த குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, முழங்கால் வலிக்கு ஏழு யோசனைகளை அப்படியே எழுதி அனுப்பினாள். சுடுநீர் ஒத்தடம் கொடுங்கள், குந்தி உட்காராதீர்கள், மாடிப்படிகளைத் தவிருங்கள், குளிருக்குக் காலில் மேசோடு போடுங்கள் என்று ஒன்றுவிடாமல். நாற்பது பேர் கும்பிடும் கை போட்டுப் பதில் அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேர் பூஜ்யமானார்கள்.

பழைய ஹோட்டலில் இருந்து மறுநாளே அழைப்பு வந்தது. மாதக் கடைசிக்குள் திரும்பி வருவதாக இருந்தால் வேலை உண்டு. போனால், நாலு வயது தனுஷிகாவை மாதத்துக்கு இரண்டு நாள்தான் பார்க்கலாம். மகளின் தலையைத் தடவிக்கொண்டே, "இன்னும் மூணு ஞாயித்துக்கெழம இருக்கு" என்று சுலக்ஷனா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"வாங்கன்னு ஒரு வார்த்த எழுதேன்" என்றான் மதுரன்.

"நோவு பாக்கிறவங்க யாரையாச்சும் வாங்கன்னு கூப்பிடுவாங்களா? நோவு வரட்டும்னு சொல்ற மாதிரி இருக்கும்."

இந்த விஷயத்தில் அவள் பிடிவாதக்காரி. சிகிச்சை முடிந்து போகிறவரிடம் "போயிட்டு வாங்க" என்றுகூடச் சொல்லமாட்டாள். "நல்லா இருங்க" என்பதோடு சரி.

"அப்ப கழுத்தப் பத்தி எழுது. கொழுந்துக் கூடையோட கயிறு இழுக்கிற கழுத்து."

எழுதினாள். துவாயைச் சுருட்டிக் கழுத்துக்கு அடியில் எப்படி வைப்பது, எத்தனை மூச்சு விடுவது என்று படிக்கிறவரின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல எழுதியிருந்தாள். படித்துவிட்டு மதுரனே துவாயைச் சுருட்டிக்கொண்டு படுத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மேலே ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. சுடுதண்ணீர் வாங்கக் கீழே இறங்கினாள். ரிஸ்வி நானாவின் கடையில் உட்கார இடமில்லை. எல்லாம் அவளுக்குத் தெரிந்த முகங்கள். அம்மாக்கண்ணு, வீரம்மா, மீனம்மா என்று வரிசையாக, மடியில் ஆளுக்கொரு பையோடு இருந்தார்கள். அவளைக் கண்டதும் எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

"சுகமா இருக்கீங்களா?" என்றாள் சுலக்ஷனா கூச்சத்தோடு.

"இருக்கோம் மிஸ். நீங்க எழுதுறத ஒண்ணுவிடாம செய்றோம்" என்றாள் அம்மாக்கண்ணு. பிறகு ஏதோ எதிர்பார்ப்பதுபோல அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சுலக்ஷனாவுக்கு விளங்கிவிட்டது. வைத்தியத்தை எழுதியே கொடுத்தால் யார் மாடிக்கு வருவார்கள்? தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்ட வருத்தத்தில், சுடுதண்ணீரையும் மறந்துவிட்டு மேலே ஓடினாள்.

அடுத்த யோசனை ரிஸ்வி நானாவுடையது. "தங்கச்சி, மருந்தச் சொல்லாதீங்க. கையப் பத்திச் சொல்லுங்க. என்னப் பாருங்க, தேத்தண்ணி போடுற விதத்த யாருக்கும் சொல்ல மாட்டேன். அதனாலதான் ரெண்டு வாரமா ஞாயித்துக்கெழமையில இப்பிடிக் கூட்டம்."

சரிதான் என்று பட்டது. மூன்றாம் மடலில், இரண்டு தோள்களுக்கும் நடுவில் தன் கை தனக்கு எட்டாத இடம் ஒன்று உண்டு என்று எழுதினாள். பிள்ளையைச் சுமந்து, கொழுந்தைச் சுமந்து, குடும்பத்தின் கவலையையும் சுமக்கிற இடம் அது. அதற்கு இன்னொருவரின் கைதான் வேண்டும். அடித்தால்கூட அழாதவர்கள் அதைப் படித்து அழுதிருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீரம்மாவின் குரல் கீழேயிருந்து மேலே கேட்டது.

"முப்பது வருஷமா எனக்கு ஒரு டம்ளர் தண்ணி மோந்து குடுக்காத மனுசன். மகன் மடல வாசிச்சதும், அடுப்புல எண்ணெய வச்சுச் சூடு பண்ணிட்டு, முதுகக் காட்டுங்கிறாரு."

பக்கத்தில் அவள் கணவர் அழகுமுத்து தலையைக் குனிந்துகொண்டு வடை தின்றார்.

தோட்டத்து லயங்களின் வரிசை வீடுகளில் வீட்டுக்கு வீடு முதுகுக்குக் கை கிடைத்துவிட்டது. இப்படிப்பட்ட காரியத்தைச் செய்த பெண்ணுக்கு மாலை போட வேண்டும். மாலையை வாங்க வேண்டியவளோ மாடியில் தனியாக உட்கார்ந்து துவாய்களை நாலாவது தடவையாக மடித்தாள். கீழே புருஷன்மாரும் சேர்ந்து வந்து கூட்டம் இரட்டிப்பாகியிருந்தது. ரிஸ்வி நானா ஆட்கள் உட்கார இரண்டு வாங்குகள் புதிதாக வாங்கிப் போட்டார்.

நாலாவது வியாழக்கிழமை எழுத ஒரே விஷயம்தான் இருந்தது.

"உங்களுக்கு என் கை இனித் தேவைப்படவில்லை. அதில் எனக்குச் சந்தோஷம்தான். திங்கட்கிழமை நுவரெலியா போகிறேன். நல்லா இருங்க."

அனுப்பிவிட்டு அழுதாள். மதுரன் அவள் கையை எடுத்து, அவள் எல்லாருக்கும் பிடித்துவிடுகிற மாதிரியே ஒவ்வொரு விரலாகப் பிடித்துவிட்டான். அவனுக்கு அது வரவில்லை. இருந்தாலும் அவள் தன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடையில் நிற்கவும் இடமில்லை. கூட்டம் வாசலைத் தாண்டி ரோட்டு வரைக்கும் நின்றது. ரிஸ்வி நானா வியர்க்க விறுவிறுக்கத் தேநீர் ஆற்றினார்.

எண்ணெய்ப் போத்தல்களைப் பையில் போட்டுக்கொண்டு, தனுஷிகாவை இடுப்பில் வைத்துக்கொண்டு சுலக்ஷனா இறங்கி வந்தாள். எல்லாரும் எழுந்தார்கள். சிலர் முழங்காலைப் பிடித்துக்கொண்டே எழுந்தார்கள்.

"எல்லாருக்கும் நோவு போயிருச்சு. எனக்கு அது போதும்" என்றாள்.

"யாருக்குப் போச்சு?" என்றாள் அம்மாக்கண்ணு. "என் தோளத் தொட்டுப் பாருங்க. கல்லு மாதிரி கெடக்கு."

சுலக்ஷனா தொட்டுப் பார்த்தாள். கல்தான்.

"அதுக்குத்தான மிஸ், வாரா வாரம் துவாயும் எண்ணெயுமா வந்து குந்தியிருக்கோம்" என்று வீரம்மா பையைத் திறந்து காட்டினாள்.

ரிஸ்வி நானா ஆற்றிக்கொண்டிருந்த தேநீர் அந்தரத்தில் நின்றது. "அப்ப, என்ட தேத்தண்ணிக்கு வரலையா?"

எல்லாரும் சுலக்ஷனாவையே பார்த்தார்கள்.

"பின்ன ஏன் ஒருத்தர்கூட மேல வரல?" என்றாள் சுலக்ஷனா.

அம்மாக்கண்ணு, மகள் கொப்பித் தாளில் எழுதிக்கொடுத்திருந்த முதல் மடலை மடிப்புக் கலையாமல் பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

"எங்க லயத்துல ஏது மாடி? எங்களுக்குத் தெரிஞ்ச ஒரே மாடிப்படி ஒங்களோடதுதான். அதுல ஏறாதீங்கன்னு நீங்களே எழுதிட்டு, எறங்கி வந்து எங்க நோவப் பாக்காம நாலு வாரமா மேலயே இருந்துட்டீங்களே தாயி."