எனக்கும் ஒரு சார்

இன்றைக்கு இதற்கு ஒரு முடிவு கட்டாமல் சாப்பிடுவதில்லை என்று லிஃப்ட் மெக்கானிக் சபதம் எடுத்தார். சபதத்தைச் சாப்பாட்டின் மேல் வைத்ததுதான் தப்பு. அது அப்போது அவருக்குத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். எதிர் வீட்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார். மெக்கானிக்கின் மனைவி வாசலில் நின்றுகொண்டு, "பரவாயில்ல சார்", "இருக்கட்டும் சார்", "எப்ப வேணும்னாலும் எடுத்துக்கங்க சார்" என்று சார் மழை பொழிந்தாள். ஏணி மெக்கானிக்கினுடையது. சார் மட்டும் அந்த ஆளுக்கு! மெக்கானிக்குக்கு வயிறு பற்றி எரிந்தது.

சாரைப் பற்றி அவருக்குத் தெரியாததா? லிஃப்டில் மாட்டிக்கொண்டவரிடம் "பயப்படாதீங்க சார்" என்றால் ஆறுதல். மூடுகிற கதவில் காலை நீட்டுபவரிடம் "சார்!" என்றால் அதட்டல். லீவு கேட்கும்போது "சா...ர்" என்று இழுத்தால் கெஞ்சல். "ஹலோ சார்" என்றால் சண்டைக்குப் பிள்ளையார் சுழி. இத்தனை சாரை ஊருக்கு வாரி வழங்கியவருக்குத் திரும்பி ஒரு சார் வந்ததில்லை. வீட்டிலும் வெறும் "ஏங்க"தான்.

"ஏன்டி, அந்த ஆளுக்கு மட்டும் என்ன அவ்வளவு சார்?"

"வேற எப்படிக் கூப்பிடறதாம்?"

"அவருக்கு சார், எனக்கு ஏங்கவா? இனிமே என்னையும் சார்னுதான் கூப்பிடணும். சொல்லிட்டேன்!"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவ்வளவுதானே? உக்காருங்க சார்."

மெக்கானிக் குளிர்ந்து போனார். விருந்தாளிகளுக்கென்று எடுத்து வைத்த கோப்பையில் டீ வந்தது. கூடவே பிஸ்கட்டும் வந்தது. மீசையைத் தடவிக்கொண்டு, வழக்கம்போலச் சட்டையைக் கழற்றப் போனார்.

"சார், சட்டையப் போடுங்க சார். பொம்பளை இருக்கற வீடு."

டிவி ரிமோட்டை எடுத்தார்.

"நான் பாத்துட்டு இருக்கேன் சார்."

சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தின் மூடியைத் திறந்தார்.

"சார்! அங்கெல்லாம் வரக்கூடாது சார்."

சாப்பாட்டு நேரம் வந்தது. மேஜையில் ஒரே ஒரு தட்டு. அவள் நிதானமாகச் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினாள்.

"எனக்கு?"

"சார் உங்க வீட்ல போய்ச் சாப்பிடுவீங்கன்னு நினைச்சேன்."

"இதுதான்டி என் வீடு!"

அவள் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். "நேரமாகுது சார். உங்க வீட்ல தேட மாட்டாங்களா?"

மெக்கானிக் சரணடைந்தார்.

"தெரியாமக் கேட்டுட்டேன். பழையபடி ஏங்கன்னே கூப்பிடு, தாயே. பசி உயிர் போகுது."

அவள் சிரித்துக்கொண்டே இன்னொரு தட்டு வைத்துப் பரிமாறினாள்.

"எதிர் வீட்டுக்காரரை சார்னா இன்னும் எரியுமா?"

"எரியத்தான் செய்யும்."

"சரி, உங்களுக்காக அதையும் விட்டுடறேன். நாளையிலேர்ந்து பேர் சொல்லியே கூப்பிடறேன். அவரும் ரொம்ப நாளா அதைத்தான் கேட்டுட்டிருக்கார்."

வாய்க்குப் போன கவளம் பாதி வழியில் நின்றது.

"வேணாம், வேணாம்! சார்னே கூப்பிடு. வார்த்தைக்கு ரெண்டு சார் போட்டுக் கூப்பிடு!"