தொங்சூவின் எழுத்தும் இரண்டு கூடைப் பூண்டும்

இனிமேல் பூண்டு உரிப்பதில்லை என்று பியோ தொங்சூ அந்த நவம்பரில் ஒரு முடிவுக்கு வந்தார். எழுதுகிற கையில் பூண்டு நாற்றம் அடிக்கலாமா?

மொக்போ துறைமுகத்துக்குப் பின்சந்தில் அவர்களுடைய சிப்பி நூடுல்ஸ் கடை. மாவு பிசைவது, அரிவது, கொதிக்கவைப்பது எல்லாம் மனைவி ஓக்பூன். தொங்சூவுக்கு இரண்டே வேலை. பூண்டு உரிக்க வேண்டும். கடைப் பேரில் போனில் தினம் ஒரு பதிவு போட வேண்டும். அந்தப் பதிவுகளுக்கு ஊரில் தனி மவுசு. "முள்ளங்கி கிம்ச்சி இன்னும் புளிக்கல. வந்து மூஞ்சியச் சுளிக்காதீங்க, நாளைக்கு வாங்க." "மழை. குடைய மறந்துட்டுப் போனா அது என்னுது." திட்டு வாங்கவென்றே ஜனம் வந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகும்.

அப்போதுதான் பக்கத்துச் சலூன்காரி மிரான் அவருக்கு ஏஐயைக் காட்டிக் கொடுத்தாள். ஒரு நிமிஷம்தான், பதிவு தயார். தொங்சூவுக்குப் புத்தி வேறு பக்கம் ஓடியது. எழுத்து என்றால் லேசில்லை, மத்தியானம் இரண்டு மணி நேரம் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு யோசிக்க வேண்டும், பூண்டு கீண்டு என்று யாரும் கூப்பிடக் கூடாது என்று மனைவியிடம் அறிவித்தார். ஓக்பூன் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சரிங்க, எழுதுங்க," என்றாள்.

இருபத்தாறு வருஷத்தில் அவள் எதற்கும் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதில்லை. அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். தூக்கம் கண்ணைக் கட்டியது, ஆகவில்லை.

அன்றைக்கு அவர் தூங்க, ஏஐ எழுதிக் கொடுத்த பதிவு இது: "அன்பார்ந்த வாடிக்கையாளர்களே, இந்தக் குளிர்ந்த மாலையில் எங்கள் இதமான நூடுல்ஸ் உங்கள் உள்ளத்தை மென்மையாக வருடட்டும்." மறுநாளும் வருடல். அதற்கு மறுநாளும் வருடல்தான்.

ஐந்தாம் நாள், கப்பலிலிருந்து ஓய்வு பெற்ற கேப்டன் சோக், கையில் ஒரு ஜூஸ் பெட்டியோடு வந்து நின்றார். ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் வாங்கிப் போகிற அதே பெட்டி.

"எந்த வார்டும்மா?" என்றார் மெல்ல.

ஓக்பூன் உள்ளறையைக் காட்டினாள். கன்னத்தில் பாய்த் தடத்தோடு தொங்சூ வெளியே வந்தார்.

"நல்லாத்தான் இருக்கீங்களா?"

"எனக்கென்ன?"

"உள்ளத்த வருடட்டும்னு எழுதியிருந்தீங்களே. ஒடம்பு நல்லா இருக்கற மனுஷன் அப்படி எழுதுவானா? மூளைல அடைப்புன்னு பாதிப் பேரு சொல்றான். கடைய வித்துட்டீங்கன்னு மீதிப் பேரு."

சாயங்காலத்துக்குள் பதினோரு ஜூஸ் பெட்டி சேர்ந்துவிட்டது. கடை விற்றாயிற்று என்று நம்பினவர்கள் வரவே இல்லை. எதிரும் புதிருமாக நான்கு மேஜை காலியாகக் கிடந்ததைத் தொங்சூ பார்த்தார். இன்றைக்கு நானே எழுதுகிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டு நிஜமாகவே உட்கார்ந்தார். "மதிப்பிற்குரிய" என்று விரல் போயிற்று. அழித்தார். "இதமான" என்று வந்தது. அதையும் அழித்தார். என்னை மாதிரியே எழுது என்று ஏஐயிடமே கெஞ்சினார். "வாங்க, ஆனா வராதீங்க, ஹா ஹா!" என்று எழுதிக் கொடுத்தது. தொங்சூவுக்குக் கண் கலங்கிவிட்டது. பெரிய படிப்பில்லை, பெரிய கடையில்லை. சொந்தமாக இருந்தது அந்த வாய் ஒன்றுதான். அதையும் தூங்கித் தொலைத்தாயிற்றே.

தொங்கிய முகத்தோடு வெளியே வந்து ஓக்பூன் பக்கத்தில் உட்கார்ந்தார். எதிரே பூண்டுக் கூடை. கை பாட்டுக்கு ஒரு பல்லை எடுத்து உரிக்க ஆரம்பித்தது. நாலாவது பல்லில் வாயும் ஆரம்பித்தது.

"ஜூஸ் பெட்டியாம். நான் என்ன செத்தா போயிட்டேன்? பதினொண்ணும் திராட்ச. இத்தன வருஷம் என் கடைல தின்னீங்களே, எனக்குத் திராட்ச ஆகாதுன்னு ஒருத்தனுக்காவது தெரியுதா? வந்து எடுத்துட்டுப் போங்க. எடுத்துட்டுப் போறப்ப சாப்பிட்டுட்டுப் போங்க."

ஓக்பூன் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு போனில் ஏதோ தட்டினாள். சற்று நேரத்தில் தொங்சூவின் போன் விடாமல் கிணுகிணுக்கத் தொடங்கியது. அவர் புலம்பினது அத்தனையும், ஓர் எழுத்து பிசகாமல், கடைப் பதிவாக நின்றது. கீழே கேப்டன் முதல் ஆளாக எழுதியிருந்தார்: "அப்பாடா, ஆள் உயிரோடதான் இருக்கான்."

தொங்சூவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ஏம்மா, இத நான் எழுதலியே."

"நீங்கதான எழுதுனீங்க. எப்பவும் பூண்டு உரிக்கறப்பத்தான் எழுதுவீங்க. அப்புறம் கையக் கழுவிட்டு அதையே தட்டி விடுவீங்க. பூண்ட நிறுத்துனீங்க, பேச்சு நின்னுபோச்சு. ரூம்லேர்ந்து கொறட்டைதான் வந்துச்சு."

"மொத நாளே தெரியுமா? அப்ப ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"நான் கேட்டா உங்களுக்கு ஒறைக்குமா? ஊரே வந்து கேக்கட்டும்னு விட்டுட்டேன்."

தொங்சூ வாய்விட்டுச் சிரித்தார். திட்டு கைக்கு வந்துவிட்டது, ஜனமும் வந்துவிடும், வேறென்ன வேண்டும்? அந்த நிம்மதியில் பதிவை இன்னொரு தரம், இந்த முறை கடைசி வரைக்கும், படித்தார். "இந்த வருஷம் குளிர்காலத்துக்குப் போடற முந்நூறு கோஸ் கிம்ச்சிக்கும் பூண்டு பூரா நான் ஒருத்தனே உரிக்கறேன். சந்தேகம் இருக்கறவன் வந்து பாத்துக்கோ."

"இது நான் சொல்லவே இல்லியே."

"அப்ப நான் எழுதலன்னு ஒரு பதிவு போடுங்க. சரி, அப்ப உள்ளத்த வருடுன பதிவ எழுதுனது யாருன்னு அடுத்தாப்ல கேப்பாங்க, அதுக்கும் பதில் வெச்சுக்குங்க."

தொங்சூ அந்த வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். அச்சு அசல் அவர் பேச்சு. கோர்ட்டில் நிறுத்திக் கேட்டாலும் அவரே தன்னுடையது என்றுதான் சொல்லியிருப்பார். வாசலில் கேப்டன் வேடிக்கை பார்க்க நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஓக்பூன் இரண்டாவது கூடையைக் காலால் நகர்த்தி அவர் முன்னால் விட்டாள்.

"எழுதுங்க," என்றாள்.