இயந்திரம் ஓடும்போது மட்டும் பேசிய பொலிட்பீரோ

உணவகத்தின் பின்கதவுக்கு அப்பால் பாத்திரம் கழுவும் இயந்திரம் உறுமத் தொடங்கினால் என் கால் நின்றுவிடும். தண்ணீர் முதலில் ஒருமுறை விக்கும். பிறகு ஹோவென்று பொங்கும். போன கிழமை சுவிஸின் ரெனான் நகரில் பஸ்ஸைப் பிடிக்க ஓடியவன், அந்தச் சத்தம் கேட்டு நடைபாதையில் நின்றேன். பஸ் போய்விட்டது. போகட்டும். அந்த இரைச்சலுக்குள் யாரோ எனக்கு ஒரு ரகசியம் சொல்லப்போகிறார் என்று என் காது இன்னும் நம்புகிறது.

ஐரோப்பாவிலேயே மிகவும் பயந்த மனிதரோடு நான் வேலை செய்திருக்கிறேன். நாங்கள் ஷெல்லுக்குப் பயந்தவர்கள், அகதி வழக்கின் முடிவுக் கடிதம் கொண்டுவரும் தபால்காரருக்குப் பயந்தவர்கள். எங்களுக்கும் பயம் தெரியும். அவரோ அமைதிக்குப் பயந்தவர். மலை ஊரான டாவோஸில், ஒரு பழைய ஹோட்டலின் நிலக்கீழ்ச் சமையலறையில், என்னோடு பாத்திரம் கழுவிய அல்பேனியாக்காரர் அவர். தமிழ்ப் பெடியள் அவருக்கு வைத்த பெயர் பொலிட்பீரோ.

அவருடைய நாட்டில் கம்யூனிஸ்ட் கட்சி ஆண்டது. கட்சியைப் பெரிய தலைவர் ஒருவர், தான் சாகும்வரை, ஆண்டார். தாடி வைக்கத் தடை, கடவுளுக்குத் தடை, திரும்பிய பக்கமெல்லாம் கொங்கிரீட் பங்கர். பங்கர் என்றால் எங்களுக்கும் பழக்கம்தான். ஆனால் நாங்கள் குண்டு வந்தபின் வெட்டினோம். அவர்கள் வராத குண்டுக்காகக் கட்டிவைத்துக் காத்திருந்தார்கள்.

பொலிட்பீரோ ஜெர்மன் படிக்கும் முன் எங்களிடம் யாழ்ப்பாணத் தமிழ் படித்துவிட்டார். மரியாதை தவறினால் ஆபத்து என்று நினைத்தாரோ என்னவோ, ஹோட்டல் பூனையைக்கூட "நீங்கள்" என்றுதான் கூப்பிடுவார். எதைப்பற்றியும் குறை சொல்லமாட்டார். வெளியே மூக்கு உதிர்ந்துவிடும் குளிரில், "எப்பிடியண்ணை குளிர்?" என்று கேட்டால், நான்கு பக்கமும் பார்த்துவிட்டு, "குளிர் நல்ல முறையிலை நடக்குது" என்பார். தலைமைச் சமையல்காரர் ஒருநாள் சூப்பில் உப்பை இரண்டுமுறை கொட்டிவிட்டார். பூனை முகர்ந்துவிட்டு ஓடியது. பொலிட்பீரோ இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, "உப்பு தன்ர கடமையைச் செய்திருக்கு" என்றார்.

மனதில் உள்ளதைச் சொல்ல அவருக்கு ஒரே இடம்தான், இயந்திரத்தின் பக்கம். அது ஓடும்போது வாய் திறக்கும், நின்றால் மூடும்.

"அந்தப் பெரிய தலைவர் எல்லே, அவர் ஒரு..." என்பார். இயந்திரம் நிற்கும். அவரும் நிற்பார். நான் ஆவி பறக்கும் தட்டுகளை இழுத்து, அடுத்த கூடையைத் தள்ளி, மூடியை இறக்கவேண்டும். தண்ணீர் விக்கும்.

"...விசரன்."

ஒருநாள் தட்டுகள் முடிந்துவிட்டன, கதை முடியவில்லை. கழுவிய தட்டுகளையே இன்னொருமுறை கழுவினோம். ஒரு மனிதனின் இளமையைத் துண்டு துண்டாக, சவர்க்கார நுரைக்குள், ஒரு முழுக் குளிர்காலம் நான் கேட்டேன். இன்றும் நீளமான வாக்கியம் ஒன்றை யாரும் ஒரே மூச்சில் சொன்னால் எனக்குள் ஏதோ பதறுகிறது.

அந்தக் குளிர்காலத்தில்தான் ஹோட்டலின் கிழட்டு முதலாளி இறந்தார். சமையலறையில் ஒரு கதிரைகூடப் போடவிடாதவர். உட்கார்ந்தால் வேலை ஓடாது என்பது அவர் கொள்கை. இறுதிச் சடங்குக்குத் தேவாலயத்தில் வரிசையாக இருந்தோம். எனக்குப் பக்கத்தில் கறுப்பு டை கட்டிய பொலிட்பீரோ. முழங்கையால் இடித்து, காகிதக் கைக்குட்டையில் சுற்றிய பொட்டலம் ஒன்றை என் கையில் வைத்தார். பிரித்தேன். வெட்டிய வெங்காயம்.

"என்னண்ணை இது?"

"சத்தம் போடாதேங்கோ. கண்ணுக்குக் கிட்டப் பிடியுங்கோ. எல்லாருக்கும் கொண்டந்தனான்."

திரும்பிப் பார்த்தேன். வரிசை முழுக்கப் பொட்டலங்கள். போர்த்துக்கேயச் சமையல்காரர் பலகாரம் என்று நினைத்து ஒரு கடி கடித்துவிட்டார். கண்ணீர் தாரை தாரையாக ஓடியது. முதலாளியின் மனைவி எழுந்து வந்து அவரைக் கட்டிப்பிடித்து, "உங்களுக்கு இவ்வளவு பாசமா!" என்றார். பாதிரியார் பிரசங்கத்தை நிறுத்தி இரண்டுமுறை மூக்கை உறிஞ்சினார்.

மறுநாள் இயந்திரத்தை ஓடவிட்டு விளக்கம் கேட்டேன்.

"எங்கட தலைவர் செத்த நேரம் ஃபக்டரியிலை எல்லாரும் அழவேணும். அழாத ஆளைப் பாக்க ஒராள் நிப்பான். நான் கன்ரீன் சமையல்காரன். வெங்காயம் என்னட்டை. பாவங்கள் எண்டு எல்லாருக்கும் குடுத்தன். நல்லா அழுதவை. கன்ரீனிலை ஒரு வெங்காயம் மிஞ்சேல்லை."

இயந்திரம் நின்றது. அடுத்த கூடை.

"பிறகு புது ஆள் வந்தார். கொஞ்சம் இளக்கினார். குறையிருந்தாச் சொல்லுங்கோ, இனிப் பயமில்லையெண்டு கூட்டம் வைச்சவை. நான் எழும்பி, சூப்புக்கு வெங்காயம் இல்லையெண்டன். 'மூட்டை மூட்டையா அனுப்பினமே, எங்கை போச்சு?' எண்டு கேட்டினம்."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"புதுக் காலம்தானே, உண்மையைச் சொன்னன். 'தோழர், தலைவருக்கு அழுது முடிஞ்சுது.'"

நான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கோப்பை விழுந்து உடைந்தது. அவர் அடுத்த கூடைக்காகக் காத்திருந்தார்.

"சிரியுங்கோ. அண்டைக்கும் பின்வரிசையிலை ஒராள் சிரிச்சவன். பிறகு அவன்ர கட்டில் எனக்குப் பக்கத்துக் கட்டில்."

"ஆஸ்பத்திரியிலையோ?"

"சுரங்கத்திலை. சிறைக் கைதியள் வெட்டுற சுரங்கம். என்னை அனுப்பச் சம்மதமெண்டாக் கை தூக்கச் சொன்னவை. என்ர வெங்காயத்திலை அழுத எல்லாரும் தூக்கினவை."

அந்த அரசே விழுந்தபிறகுதான் அவர் வெளியே வந்தார்.

எங்கள் ஹோட்டலுக்கும் புது ஆள் வந்தார். கிழவரின் மருமகன். ஓடும் சப்பாத்து, வெள்ளைப் பல். வந்த அன்றே சமையலறைக்குக் கதிரைகள் வந்தன, கோப்பி இயந்திரம் வந்தது. "இனி நாம் ஒரே குடும்பம். என்னை 'டு' என்றே கூப்பிடுங்கள்" என்றார். அதாவது 'நீ' போடவேண்டும். முதலாளியை நீ போட எங்கள் ஆட்களுக்கு வாய் வருமா? அவரைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டோம். திங்கட்கிழமைதோறும் கூட்டம், யாரும் எதுவும் சொல்லலாம்.

பொலிட்பீரோ கதிரையைக் குப்புறக் கவிழ்த்து அடியில் பார்த்தார். பிறகு என்னை இயந்திரத்தடிக்கு இழுத்துப்போய், "கதிரை வந்தாக் கவனம்" என்றார்.

எங்களோடு ரதி என்று ஒரு பெண். மட்டக்களப்புப் பக்கம். நெஞ்சில் இழுப்பு. தற்காலிகமாகத் தங்கும் எஃப் அனுமதியிலிருந்து வதிவிட உரிமை தரும் பி அனுமதிக்கு மாற விண்ணப்பித்திருந்தாள். நிலையான வேலை இருந்தால்தான் அது கிடைக்கும். வேலை போனால் அத்தனை வருடக் காத்திருப்பும் போகும். முதல் திங்கட்கிழமை அவள்தான் எழுந்து, இயந்திரத்துக்கு மேலே ஆவி இழுக்கும் விசிறி வேலை செய்யவில்லை, மூச்சு முட்டுகிறது என்றாள்.

"சுப்பர் ரதி! இந்தத் துணிச்சல்தான் எனக்கு வேண்டும்" என்று புது முதலாளி கைதட்டினார்.

அடுத்த கிழமை வேலை அட்டவணையில் ரதிக்குப் பாதி நாட்கள் இல்லை. முதலாளி ஆறுதலான குரலில், "உன் உடம்புக்கு இந்த வேலை ஒத்துவராது. இந்த மாதத்தோடு முடித்துக்கொள்வோமா, யோசித்துப் பார்" என்றாராம்.

ரதி உடுப்பு மாற்றும் அறையில் அழுதாள். "எனக்கு வாய் கூடிப்போச்சு. பேசாம இருந்திருக்கலாம்."

பொலிட்பீரோ வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்று முழுக்க, இயந்திரம் ஓடியபோதும், அவர் ஒரு சொல் பேசவில்லை.

அடுத்த திங்கட்கிழமை. இயந்திரம் நிறுத்தியிருந்தது. "யாருக்காவது குறை?" என்று முதலாளி சிரித்தார். எல்லோரும் நிலத்தின் ஓடுகளைப் பார்த்தோம். ஒரு கதிரை கீச்சிட்டது. பொலிட்பீரோ எழுந்து நின்றிருந்தார். முகம் சுண்ணாம்பு. அந்தப் பயங்கரமான அமைதிக்குள் அவர் வாய் திறந்தார்.

"விசிறி ஓடேல்லை" என்று தமிழில் தொடங்கி, முதலாளிக்கு விளங்காது என்று உணர்ந்து ஜெர்மனுக்கு மாறினார். "ரதி சொன்னது சரி. எனக்கும் இருமல். அவளுக்கு நாட்களைத் திருப்பிக் கொடுக்கவேண்டும்."

அத்தோடு இருந்திருக்கலாம். ஆனால் மடை உடைந்துவிட்டது. சூப்பில் உப்பு அதிகம் என்றார். குளிர் மிக மோசம் என்றார். செத்துப்போன முதலாளி நல்ல மனிதர் அல்ல, இருந்தும் தான் கறுப்பு டை கட்டியதாகச் சொன்னார். கதிரைக்கு ஒரு கால் கட்டை. கோப்பியோ பாத்திரம் கழுவிய தண்ணீர். அந்தச் சப்பாத்து ஒரு முதலாளிக்கு அழகா? முப்பத்தைந்து, நாற்பது வருடக் குறைகள், ஒரே மூச்சில், இரு மொழியில். இடைநடுவே சொற்கள் தீர்ந்தபோது அல்பேனிய மொழியிலும் கொஞ்சம். அது யாரைப்பற்றியது என்று நான் ஊகித்தேன்.

முடித்துவிட்டு, கைகள் எந்தப் பக்கம் எழும் என்று பார்ப்பவர்போல, எங்களைச் சுற்றிப் பார்த்தார்.

போர்த்துக்கேயர்தான் முதலில் கை தூக்கினார். "அவள் சொன்னது சரி. விசிறி பழுது." பிறகு நான். பிறகு, தன் உப்பைப்பற்றிச் சொன்னதைப் பொருட்படுத்தாமல், தலைமைச் சமையல்காரர். அவர் கையைக் கண்டதும் மற்றக் கைகள் எல்லாம் எழுந்தன. புது முதலாளியின் பல் மெதுவாக மறைந்தது.

விசிறி திருத்தப்பட்டது. ரதிக்கு நாட்கள் திரும்பின. நிலையான ஒப்பந்தமும் எழுதிக் கொடுத்தார்கள். பொலிட்பீரோவுக்குக் கிடைத்தது தோளில் ஒரு தட்டு. "உனக்கும் ஓய்வு வயது நெருங்குகிறது. அடுத்த சீசனுக்கு வந்து கஷ்டப்படாதே." சிரித்துக்கொண்டேதான். அவர்கள் நாட்டில் சுரங்கம், இங்கே தோளில் தட்டு. வெளியே அனுப்பும் பயணச்சீட்டு மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

பனி உருகிய ஒரு நண்பகலில் டாவோஸ் நிலையத்தில் அவரை வழியனுப்பினோம். அக்கா ஒருத்தி இன்னும் உயிரோடு இருக்கும் அவருடைய ஊருக்குப் போகிறார். ரதி பைநிறையக் கட்லட் பொரித்துக் கொண்டுவந்திருந்தாள். முந்தின நாள்தான் பி அனுமதி வந்ததாம். சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்தாள்.

"என்னால உங்கட வேலை போயிட்டே அண்ணை."

"வேலை போகட்டும். கூட்டத்திலை கதைச்ச அண்டைக்கு ராத்திரி நான் நித்திரை கொண்டனான். என்ன நித்திரை தெரியுமோ!"

ரயில் வந்தது. பெட்டியை ஏற்றிக் கொடுத்தேன். ரதி கேட்டாள்.

"போய்ச் சேர்ந்ததும் போன் எடுப்பீங்களா அண்ணை?"

"எடுப்பன். அங்கை ரோட்டு சரியில்லை, தண்ணி சரியில்லை, அக்காவின்ர சமையல் அதைவிட மோசம். எல்லாத்தையும் சொல்லுவன். நீங்கள் ரெண்டு பேரும் ஆறுதலா இருந்து கேக்கோணும், என்ன?"