ஞாயிறு நாலு மணிக் கொலைகாரன்

இத்தாலிக்காரர் எழுபதுகளில் எடுத்த கொலைப் படங்கள் எழுபத்தொன்று என்னிடம் டிஸ்க்காக இருக்கின்றன. மட்டக்களப்பு மாவட்டத்தில் இப்படியொரு சேர்க்கை வேறு எவரிடமும் இல்லை. விசாரித்துவிட்டுத்தான் சொல்கிறேன். கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்கச் செயலகத்தில், எனக்கு இருபத்தாறு வருடச் சேவை. உதயரூபன் விசாரிக்காமல் ஒரு வரி எழுதமாட்டான் என்று அங்கே பியோனும் சொல்வார்.

இந்தப் படங்களைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கொலைகாரன் கறுப்புத் தோல் கையுறை போட்டிருப்பான். உச்சி வெயிலிலும் கழற்றமாட்டான். முகத்தைக் கடைசிவரை காட்டமாட்டார்கள். அதற்கிடையில் ஐந்தாறு பேர் செத்துப்போவார்கள். பாதிப்பேர், "அது என்ன சத்தம்?" என்று பார்க்கத் தனியே போனதால் செத்தவர்கள். இரத்தம் பலூடாவுக்கு ஊற்றுகிற சிவப்புப் பாணியின் நிறத்தில் இருக்கும். வாய் ஒரு பக்கம் அசையும், சத்தம் இன்னொரு பக்கம் வரும். ஒரு படத்தில் பிணம் கண் சிமிட்டியது. மூன்று தரம் சிமிட்டியது, எண்ணியிருக்கிறேன். இன்னொன்றில் மேலேயிருந்து மைக் தொங்க, இன்ஸ்பெக்டர் அதில் தலை முட்டாமல் குனிந்து போய்க் கைவிலங்கு மாட்டினார்.

எல்லாம் தெரிந்துதான் ரசிக்கிறேன். குறை இல்லாத படத்தை எவனும் ரசிப்பான். பிணம் கண் சிமிட்டிய பிறகும் எழும்பிப் போகாமல் இருக்கிறானே, அவன்தான் ரசிகன். அந்த வகையில் எனக்கு என்னைப்பற்றி நிரம்பப் பெருமை.

டிஸ்க் அனுப்புவது என் மனைவியின் தம்பி மதுஷன். இத்தாலியில் பலெர்மோவில் இருக்கிறான். அங்கே பழைய சாமான் சந்தையில் பொறுக்கி, அட்டையில் படத்தின் பெயரைப் பேனையால் தமிழில் எழுதி அனுப்புவான். அந்த எழுத்தைத் தவிர டிஸ்க்கில் தமிழ் கிடையாது. ஆங்கிலமும் கிடையாது. கீழே ஓடுகிற எழுத்தும் கிடையாது. முழுக்க முழுக்க இத்தாலி பாஷை.

என் திறமை தொடங்குவதே அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு, காத்தான்குடியில் புடவைக் கடை வைத்திருக்கிற என் சிநேகிதர் அசனார் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவார். ஹோலில் டெக்கைப் போடுவேன். படம் ஓட ஓட ஒவ்வொரு வசனமாக அவருக்குத் தமிழில் சொல்வேன். முப்பது படம் பார்த்ததில் பாஷை தானாகவே வந்துவிட்டது என்று அவரிடம் சொல்லியிருந்தேன். அது உண்மை இல்லை. ஆனால் மூன்று வருடம் சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன். முகத்தைப் பார்த்தால் வசனம் தெரியாதா? அழுகிறவள் என்ன, பருப்பு விலையா சொல்லப்போகிறாள்?

என் மனைவி கேதீஸ்வரி படம் பார்ப்பதில்லை. அந்த நேரம் குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டு, மதுஷனின் மகளோடு போனில் கதைத்துக்கொண்டிருப்பாள். நான் உருக்கமான இடங்களை மொழிபெயர்க்கும்போது குசினியில் சிரிப்புச் சத்தம் கேட்கும். பிள்ளை ஏதோ பகிடி சொல்லியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

இப்படி மரியாதையாகப் போய்க்கொண்டிருந்த என் ஞாயிற்றுக்கிழமைக்குப் போன மாதம் ஆபத்து வந்தது.

"இஞ்சேருங்க. இனி ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்துல ஹோல் எனக்கு வேணும்."

"என்னத்துக்குகா?"

"ஒரு அலுவல் இரிக்கி."

"நாலு மணிக்குப் படம் இரிக்கே."

"அதத்தான் சொல்றன். படத்த அறைக்குள்ள வெச்சிப் பாருங்க."

"படுக்கிற அறைக்குள்ள அசனார் எப்பிடி வந்து இரிக்கிற?"

"மறுகா என்ன, படத்த நிப்பாட்டுங்க."

இங்கே ஒரு விசயத்தை மறைக்காமல் சொல்லவேண்டும். வீடு அவளுடையது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய் இருப்பது. காணி உறுதியில் அவள் பெயர். ஹோல், குசினி, கிணறு, முற்றத்து மாமரம் எல்லாம் அவளுக்குச் சீதனமாக வந்தவை. கூட்டிப் பார்த்தால் நானும் அந்த வகைதான். நான் கொண்டுவந்தது ஒரு சூட்கேஸ், அதன் பிறகு எழுபத்தொரு டிஸ்க். ஆகவே உரிமை பேசமுடியாது. கௌரவத்தைத்தான் பேசலாம்.

"மூணு வருசமா மொழிபெயர்க்கன். கொலைகாரன் ஆரெண்டு ஒவ்வொரு படத்துலயும் நான்தான் அசனாருக்குச் சொல்ற."

"கடைசியில முகத்தக் காட்டுறாங்கதானே. அது நம்மட பூனைக்கும் தெரியும்."

"காட்டுறதுக்கு முதல் உன்னால சொல்ல ஏலுமா?"

"ஏலும்."

"குசினிக்குள்ள இருந்துகொண்டா?"

"கதிரையில இருந்தா இன்னும் கெதியாச் சொல்லுவன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பந்தயம் என்றேன். தோற்றால் ஹோல் அவளுக்கு, என்றைக்குமே. வென்றால் ஒவ்வொரு ஞாயிறும் அவள் எனக்குப் பக்கத்தில் இருந்து முழுப் படமும் பார்க்கவேண்டும், பிணம் கண் சிமிட்டினாலும் வாய் திறக்கக்கூடாது.

"சரி," என்றாள். "அசனார் நானாவே நடுவரா இரிக்கட்டும்."

நானா என்று அண்ணன் முறை சொல்லி, என் சிநேகிதனையே நடுவராகக் கேட்கிறாளே என்று அவள்மேல் இரக்கப்பட்டேன்.

இரக்கப்பட்டாலும் ஏற்பாட்டில் குறை வைக்கக்கூடாது. பந்தயத்துக்கு என்று வைத்திருந்தது அந்த வாரம்தான் வந்த புது டிஸ்க். உறை பிரிக்கவில்லை. மதுஷனின் எழுத்தில் 'மூன்று கையுறையும் ஒரு நண்டும்' என்று இருந்தது. வெள்ளிக்கிழமை கேதீஸ்வரி மாமாங்கம் கோயிலுக்குப் போனாள். கேற் சாத்துகிற சத்தம் கேட்டதும் உறையைப் பக்குவமாகப் பிரித்தேன். முதலில் இருந்து கடைசிவரை பார்த்தேன். டேப் ஒட்டி, பழையபடி வைத்தேன். வெட்கம் இல்லையா என்று கேட்பீர்கள். அரசாங்கத்தில் எந்தக் கூட்டம் என்றாலும் அறிக்கையை முதல்நாளே வாசித்துவிட்டுத்தான் போவோம். இதை ஆயத்தம் என்பார்கள்.

படம் அருமை. பணக்காரக் கிழவி ஒருத்தி சாகிறாள். சொத்துக்குரியவர்கள் ஒவ்வொருவராகப் போகிறார்கள். நொண்டி நடக்கிற டொக்டர் ஒருவர் எல்லாப் பிணத்துக்கும் வந்து தலை ஆட்டுகிறார். கடைசியில் கூரைக்கு மேலே கையுறையும் கத்தியுமாகப் பிடிபடுவது அந்த டொக்டர்தான். இரண்டு நிமிடம் அழுது பேசிவிட்டு விழுந்து சாகிறார். அவருடைய தங்கச்சி ஜன்னலால் பார்த்து, பாவம், நிம்மதியாகச் சிரிக்கிறாள். படம் முடிந்தது. நண்டு மட்டும் கடைசிவரை வரவில்லை. இத்தாலிக்காரர் அப்படித்தான் என்று மன்னித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அசனார் மோட்டார் சைக்கிளில் வரவில்லை. சின்ன லொறி ஒன்றில் வந்தார். பின்னால் ஏதோ ஏற்றித் தறப்பாளால் மூடியிருந்தது. கடைச் சாமான் என்று நினைத்தேன். எதையும் விசாரிக்கிற நான் அன்றைக்கு அதை விசாரிக்கவில்லை.

விதி இதுதான். இருபது நிமிடத்தில் படத்தை நிறுத்தவேண்டும். இருவரும் கொலைகாரனின் பெயரைக் கடதாசியில் எழுதி நடுவரிடம் கொடுக்கவேண்டும். நான் வழக்கம்போல மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தேன். இருபதாவது நிமிடம் வந்தது. 'டொக்டர்' என்று எழுதினேன். கொஞ்சம் யோசிப்பதுபோல் நெற்றியைச் சொறிந்துவிட்டுத்தான் எழுதினேன். கேதீஸ்வரி நெற்றியைச் சொறியவில்லை. எழுதி மடித்துக் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

கூரைக் காட்சி வந்தது. கையுறை கழன்றது. டொக்டர். நான் எழும்பி நின்றேன். அசனார் என் கடதாசியைப் பிரித்து வாசித்து, "மச்சான், சும்மா சொல்லப்படாது, கெட்டிக்காரன்தான்," என்றார். பிறகு அவளுடையதைப் பிரித்தார்.

"டொக்டர்ட தங்கச்சி."

நான் சிரித்தேன். நீளமாகவே சிரித்தேன்.

"சிரிச்சி முடிஞ்சா கொஞ்சம் பின்னுக்கு எடுங்க," என்றாள் கேதீஸ்வரி. "கூரையில அவர் என்ன சொல்றார்?"

"'செய்த பாவம் என்னைச் சும்மா விடாது, கடவுளே, என்னை மன்னித்துவிடு' எண்டு சொல்றார்."

"இல்ல. 'என்ட நண்டே, ஆறு பேரையும் கொலை செஞ்சது நீதான் எண்டு ஒருத்தருக்கும் சொல்லமாட்டன், பழிய நான் ஏத்துக்கொண்டு போறன்' எண்டு சொல்றார். தங்கச்சியத்தான் நண்டு எண்டு கூப்பிடுற. படம் முழுக்கக் கூப்பிடுறார்."

"கற்பனை பண்ணாத."

"பதினஞ்சாவது நிமிசத்துல போன்ல என்ன சொன்னவர்? 'நண்டு, கையுறையக் கழுவிக் காயப்போடு' எண்டு. நீங்க அத நானாக்கு 'மருந்து குடிச்சிற்றுப் படு' எண்டு சொல்லிக் குடுத்த."

அசனார் என்னைப் பார்த்தார். மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அவர் கண்ணில் வரிசையாக ஓடியதை நான் பார்த்தேன்.

"அத்தாட்சி வேணும்," என்றேன். கச்சேரிக் குணம் கடைசி நேரத்திலும் போகாது.

அவள் போனை எடுத்துப் பலெர்மோவுக்கு அழைத்தாள். மதுஷனின் மகள் முகம் தெரிந்தது. அதன் பிறகு நடந்ததை நான் மறக்கமாட்டேன். என் மனைவி இத்தாலி பாஷை பேசினாள். தடக்காமல், வேகமாக, கையையும் ஆட்டி ஆட்டிப் பேசினாள். போனை டிவிக்குப் பக்கத்தில் பிடித்தாள். பிள்ளை கேட்டது, தகப்பனைக் கூப்பிட்டது. மதுஷன் வந்து கேட்டான்.

"அத்தான், அக்கா சொல்றதுதான் சரி," என்றான். அந்த இடத்தில் கொஞ்சம் இருமினான். "நீங்க ஓரளவுக்குக் கிட்டத்தான் அத்தான். ஒரே குடும்பம்தானே."

"உனக்கு எப்ப இருந்துகா இது?" என்று கேட்டேன்.

"நாலு வருசமா அந்தப் பிள்ளையோட கதைக்கன். அதுக்குத் தமிழ் வராது, நான் என்ன செய்ய? மறுகா ஞாயிறு ஞாயிறாக் குசினிக்குள்ள உங்கட படம் கேட்டன். செத்துப்போறவங்க கத்துறதுதான். கொலைகாரங்க நல்ல ஆறுதலா, தெளிவாக் கதைப்பாங்க. அவங்கள்ட்டத்தான் நிறையப் படிச்ச."

"எனக்கு ஏன் சொல்லல்ல?"

"நீங்க சொல்ற கதை இன்னும் நல்லாரிக்கும். கேக்க ஆசை. மறுகா, வெள்ளிக்கிழமை நான் கோயில்ல இருந்து ஒரு மணித்தியாலம் சுணங்கி வந்தது, நீங்க முழுப் படத்தையும் ஆறுதலாப் பாத்து முடிக்கட்டும் எண்டுதான்."

அசனார் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பாத்த படமா மச்சான்? பாத்துமா தோத்த?"

நான் டிஸ்க்கை எடுத்து உறையில் போட்டு, பழையபடி டேப் ஒட்டினேன்.

அசனார் எழும்பி வெளியே போய் லொறியின் தறப்பாளை நீக்கினார். பிளாஸ்டிக் கதிரை பன்னிரண்டு. வெள்ளைப் பலகை ஒன்று. எழுதி முடித்த பெயர்ப்பலகை ஒன்று. 'இத்தாலிய மொழி வகுப்பு. ஞாயிறு பி.ப. 4.00. ஆசிரியை: திருமதி கேதீஸ்வரி உதயரூபன்.' அசனாரின் மகள் அம்னாவுக்கு மிலானில் புருசன். விசா வந்ததும் போகவேண்டும். முதல் மாணவி அவள்தான். பெயர்ப்பலகையைக் கேற்றில் கட்டக் கம்பி வரைக்கும் கொண்டு வந்திருந்தார் என் நடுவர்.

"நீ நடுவரா, கட்சிக்காரனா?" என்று கேட்டேன்.

"நான் தீர்ப்புச் சொல்லவே இல்லயே மச்சான். படம்தானே சொன்ன."

தோல்வி என்று நினைக்கிறீர்கள். நானும் இரண்டு நாள் அப்படித்தான் நினைத்தேன், சாப்பாட்டுக்கு மட்டும் அறையால் வெளியே வந்தேன். மூன்றாம் நாள் கேற்றடியில் நின்று பலகையை மறுபடி வாசித்தேன். அதில் என் பெயரும் இருக்கிறது. அதுவும் கடைசியில், பெரிய எழுத்தில். இத்தாலி பாஷை சொல்லிக்கொடுக்கிற பெண் இந்த ஊரில் எத்தனை பேருக்கு மனைவியாக இருக்கிறாள்? விசாரித்தேன். எனக்கு மட்டும்தான். புளியந்தீவில் என் கச்சேரிக் கந்தோரில் எல்லாரிடமும் சொன்னேன். பியோனிடம் இரண்டு தரம் சொன்னேன்.

அதைவிடப் பெரியது, வகுப்பின் பாடப்புத்தகமே என் டிஸ்க்குகள்தான். எழுபத்தொன்றையும் கண்ணாடி அலுமாரியில் அடுக்கி, பாடம் ஒன்று, பாடம் இரண்டு என்று ஒட்டிவிட்டாள். முதல் நாள் பன்னிரண்டு கதிரையும் நிறைந்தன. "இப்படியொரு சேர்க்கை மாவட்டத்தில் வேறு எங்கும் இல்லை, இதைச் சேர்த்தவர் இவர்," என்று என்னைக் காட்டினாள். பன்னிரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கதிரை மிஞ்சாததால் முக்காலியில், பின்னால், ரிமோட்டோடு இருந்தேன். போடுங்க என்றால் போடவேண்டும், நிப்பாட்டுங்க என்றால் நிப்பாட்டவேண்டும். அதுவே என் உத்தியோகம்.

அரை மணித்தியாலம் எழுத்தும், கடையில் கேட்கிற சொல்லும் நடந்தது. பிறகு ஒரு படம் போடச் சொன்னாள். மாளிகை. இடி. கதவைத் தள்ளிக்கொண்டு இன்ஸ்பெக்டர் வருகிறார். சுற்றிப் பார்த்து, கண்ணைச் சுருக்கி, ஒரு வசனம் சொல்கிறார்.

"நிப்பாட்டுங்க," என்றாள் கேதீஸ்வரி. "இவர் என்ன சொன்னார்?"

எனக்குப் பொறுக்கவில்லை. இது என் படம், பதினொரு தரம் பார்த்த படம். முக்காலியில் இருந்து எழும்பி, அடிக்குரலில் சொன்னேன்.

"'கொலைகாரன் இந்த வீட்டுக்குள்ளேதான் இருக்கிறான். ஒருவரும் அசையவேண்டாம்.'"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நெஞ்சு நிறைந்துபோய் நின்றேன்.

முன்வரிசையில் அம்னா மெல்லக் கையை உயர்த்தினாள்.

"ரீச்சர், குடிக்க ஒரு கோப்பி கிடைக்குமா எண்டு கேக்கார்."